ஆறு கடலைச் சேரும் இடம்

மைசூரில் குடியிருப்போர்க்கு மைசூர் ஒரு சுற்றுலாத் தலம் அன்று. அது ஒரு வீட்டு வேலை. தசரா நெருங்கினால் கொள்ளேகால், மார்டள்ளிப் பக்கத்து உறவினரும், அவ்வுறவினருக்கு உறவினரும் எங்கள் அக்ரஹாரத்து வாடகை வீட்டில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு அரண்மனையையும் சாமுண்டி மலையையும் மிருகக்காட்சிசாலையையும் பிருந்தாவனத்தையும் காட்டி, கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆற்றில் கால் நனைக்கச் செய்து, பேருந்து ஏற்றி அனுப்ப வேண்டும். மணமாகி வந்த ஆண்டு தொட்டு இக்கடமையை ஆற்றியவள் என் மனைவி. நான் மைசூரை ஒட்டிய ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பணி செய்தமையால் விடுமுறை நாட்களில் மட்டுமே உடன் செல்வேன்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலணியைக் கழற்ற வேண்டிய வாயில் எதுவாயினும், அங்கேயே ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். "நீங்கெல்லாம் உள்ள போயிட்டு வாங்க. செருப்ப நான் பாத்துக்கறேன்" என்பாள். காலணி காப்பதற்கென்று அங்கே ஆள் இருப்பதைச் சுட்டிக்காட்டினால் கேட்கமாட்டாள்.

"டோக்கன் குடுத்தாச் செருப்பு வந்துருமுங்களா? என் தங்கச்சி மாமியாருக்குப் போன தசராவுல ரெண்டும் எடது காலாவே குடுத்து அனுப்பிச்சான். அந்தம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கோணிக் கோணி நடந்துச்சு."

அரண்மனையின் உட்புறத்தை அவள் கண்டது, மணமான புதிதில் ஒரே ஒரு முறை. அதன் பிறகு, அவ்வளவு பேருக்கு அரண்மனையைக் காட்டியவள் வாயிலைத் தாண்டவில்லை. அவளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து இணைக் காலணிகள் வரிசையாகக் கிடக்க, நடுவே மடியில் சித்ரான்னப் பாத்திரத்தோடு அவள் வீற்றிருக்கும் காட்சியே எனக்கு அரண்மனை என்னும் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

உள்ளே செல்லாதவள், ஆற்றுக்கு மட்டும் இறங்குவாள். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் முழங்கால் நீரில் நின்றுகொண்டு அவள் கேட்கும் கேள்வி ஒன்றே.

"இந்தத் தண்ணி கடேசில எங்க போயிச் சேருதுங்க?"

"பூம்புகாரில். அங்கே கடலோடு கலக்கிறது."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"படித்திருக்கிறேன்."

"படிச்சதெல்லாம் பாத்ததாயிருமுங்களா?"

பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நான், கற்றவை அனைத்தையும் நூலகத்தின் பலகையில் அமர்ந்து கற்றவன். கடலையும் அவ்வாறே கற்றிருந்தேன். அவளோ, கொள்ளேகால் பக்கத்தில் காவிரி நீர் பாய்ந்த வயலில் பிறந்து, மைசூரில் காவிரி நீரைக் குழாயில் பிடித்து வாழ்ந்தவள். தான் அன்றாடம் புழங்கும் ஒரு பொருள் இறுதியில் என்ன ஆகிறது என்று அறிய விரும்பியது இயற்கையே.

எனக்கு எழுபது வயது நிறைவதை ஒட்டி, திருக்கடையூரில் தம்பதியராக அமர்ந்து செய்யும் பீமரத சாந்தியை நடத்திவிட வேண்டும் என்று பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் முடிவு செய்தாள். அருகிலேயே தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த ஒரு விடுமுறைக் குடிலையும் சித்திரை மாதத்திற்குப் பதிவு செய்தாள். குடிலின் சுவரில் மாட்டியிருந்த 'அருகில் காண வேண்டிய இடங்கள்' என்னும் பலகையைப் படமெடுத்துக் குடிலை நடத்துவோர் அனுப்பியிருந்தார்கள். கோட்டை, கடலோரச் சிவன் கோயில், பழைய தேவாலயம், திருக்கடையூர், பூம்புகார் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. என் மனைவி அப்படத்தைக் கைப்பேசியில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசி வரியில் கொண்டு போய் நிறுத்தினாள்.

"பூம்புகாரைத் தூக்கி மொதல்ல போடுங்க. கோட்டை எங்கயும் ஓடீராது."

"ஆறு மட்டும் ஓடிவிடுமா?"

"ஓடத்தானுங்க ஆறு. மைசூர் ஸ்டேசன்ல மயிலாடுதொறைன்னு போர்டு மாட்டுன ரயில எத்தன வருசமாப் பாக்கறேன். அதுலயும் ஏறிப் பாத்துரலாம்."

அப்போது நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். பூம்புகாரில் காலணிகளை நானே காப்பேன் என்றும், அவள் முன்னே இறங்கிச் சென்று ஆறும் கடலும் கலக்கும் இடத்தை ஆற அமரக் கண்டு வரலாம் என்றும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இன்றும் செவியில் இருக்கிறது.

"நீங்க பாத்துக்குவீங்களாக்கும்! ஒரு பொஸ்தகத்த விரிச்சீங்கன்னா, பக்கத்துல இருக்கற என்னையவே தூக்கீட்டுப் போனாலும் உங்களுக்குத் தெரியாது."

மார்கழியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் கண்டது. முதலில் அதைக் குளிர்காலத்துக் காய்ச்சல் என்றே எண்ணினோம். பின்னர் நுரையீரல் என்றார்கள். மருத்துவமனைக் கட்டிலில் மூக்கில் குழாயோடு இருந்தபோதும், குடிலின் பதிவை ரத்து செய்யலாமா என்று மகள் என்னிடம் தாழ்ந்த குரலில் வினவியது அவள் காதில் விழுந்துவிட்டது. கையை அசைத்து என்னைக் கிட்ட அழைத்தாள்.

"அத நிறுத்தாதீங்க. நா எந்திரிச்சா ரெண்டு பேரும் போலாம். இல்லீனா நீங்க போங்க. ஆறு எப்படிப் போயிச் சேருதுன்னு நின்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லோணும். படிச்சதச் சொல்லக் கூடாது. பாத்ததச் சொல்லோணும்."

தை முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் அஸ்தியைக் கரைப்பது ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்துக் காவிரி மேற்கு நோக்கித் திரும்பும் துறையில். அவள் உறவினரைக் கூட்டிச் சென்று கால் நனைக்கச் செய்த இடத்திற்கு அது வெகு தொலைவன்று. பாறைகளுக்கிடையே நீர் விரைந்துகொண்டிருந்தது. மண்கலத்தை விட்டுவிட்டு நான் படியிலேயே நின்றதைக் கண்ட புரோகிதர், "எல்லா சமுத்ரக்கே ஹோகுத்தே, ஸ்வாமி" என்றார். எல்லாம் கடலுக்கே போகும் என்பது அதன் பொருள். ஆறுதலாக எல்லோரிடமும் சொல்லும் சொற்றொடர்தான். ஆயினும் நான் அதனை ஒரு செய்தியாகவே பெற்றுக்கொண்டேன். அவள் காண விரும்பிய இடத்திற்கு அவளே புறப்பட்டுவிட்டாள்; சித்திரையில் நான் அங்கே சென்றால் போதும் என்று என் மனம் கணக்கிட்டுக்கொண்டது. இது அறிவுடையோர் கணக்கன்று என்பதை நான் அறிவேன். அந்நாட்களில் என்னை நடமாடச் செய்தது அந்தக் கணக்கு ஒன்றே.

"அப்பா, நீங்க ஒப்பரே எப்படிப் போவீங்க? பேடப்பா. நானும் வர்றேன்" என்றாள் மகள். தனியே போக வேண்டாம் என்பதைக் கன்னடம் கலந்துதான் அவளுக்குச் சொல்ல வரும். நான் இசையவில்லை. சொல்லி அனுப்பப்பட்டவன் நான். நானே சென்று வர வேண்டும்.

மாலை ரயில் மைசூரை விட்ட சிறிது நேரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலத்தைக் கடந்தது. கீழே நீர் இருந்தது. மறுநாள் காலை கும்பகோணத்தைத் தாண்டியபோது சன்னல் வழியே ஓர் அகன்ற மணல்வெளி தெரிந்தது. அதில் இளைஞர்கள் மூன்று குச்சிகளை நட்டு மட்டைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் அதைக் காவிரி என்றார். இவ்விடத்தில் ஆறு பல கிளைகளாகப் பிரிகிறது, நீர் வேறொரு கிளையில் செல்லக்கூடும் என்று எனக்கு நானே விளக்கம் கூறிக்கொண்டேன். கோடைதோறும் இவ்வாற்று நீரைப் பற்றிய செய்திகளை இரு மொழிச் செய்தித்தாள்களிலும் படித்து வந்தவன் நான். அது என் வீட்டுச் செய்தியாகும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை.

குடிலைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் வாசலிலேயே நின்றிருந்தார். என் பையை வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வாங்கய்யா. ரெண்டு பேருன்னுல்ல சொன்னாங்க. அம்மா ஆட்டோவுல வர்றாங்களா?"

"அவர் காலமாகிவிட்டார் அம்மா. தை மாதத்தில்."

அவர் உள்ளே சென்று, கட்டிலின் மேல் இருவருக்கென விரித்திருந்த இரண்டு துண்டுகளில் ஒன்றை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறினார். நான் அதைக் காணாதவன் போல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவே நான் முதன்முதலாகக் கடலைக் கண்ட கணம். சன்னல் கம்பிகளுக்கு அப்பால் அது இருந்தது. நூல்களில் படித்ததைக் காட்டிலும் அதன் இரைச்சல் பெரிது. ஆனால் நான் இறங்கிச் செல்லவில்லை. பூம்புகாரில் அவளைப் பார்க்கும் முன்பு கடலில் கால் வைப்பது முறையன்று என்று தோன்றியது.

"இங்க காத்துல ஓசோன் இருக்குங்கய்யா. ரெண்டு நாளு இருந்தீங்கன்னா மனசு லேசாயிடும்" என்று காபியைக் கொடுத்தபடி அம்மையார் கூறினார். வருவோர் அனைவருக்கும் அவர் கூறும் வாசகமாக இருக்கலாம். நான் நன்றி சொன்னேன்.

பூம்புகாரை மறுநாளுக்கென்று தனியே ஒதுக்கிவிட்டு, அன்றைய பகலில் பலகையில் எழுதியிருந்த வரிசைப்படியே சென்றேன். அவளுக்கு எதையும் விடாமல் சொல்ல வேண்டும் அல்லவா? கோட்டையின் மதில் மஞ்சளாக இருந்தது. உள்ளே உப்புக் காற்றில் அரிக்கப்பட்ட பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன. கடலோரச் சிவன் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டு போய்விட்டதாம். எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் குவித்திருந்தார்கள். தேவாலயத்தில் மணவிழா ஒன்று நடந்துகொண்டிருந்தபடியால் வாயிலோடு திரும்பினேன்.

திருக்கடையூருக்கும் சென்றேன். சடங்கிற்காக அன்று, அது பலகையில் இருந்தமையால் மட்டுமே. பிராகாரம் நெடுகிலும் முதிய மணமக்கள். கழுத்தில் ரோஜா மாலை, நெற்றியில் வியர்வையில் கரைந்த சந்தனம். ஒரு பெரியவர் நடுங்கும் விரல்களால் மறுபடியும் தாலி கட்ட முயன்றுகொண்டிருக்க, "முடிச்ச சீக்கிரம் போடுங்க, அப்பவும் இப்படித்தான் தடுமாறுனீங்க" என்று அவர் மனைவி தலை குனிந்தபடியே கடிந்துகொள்ள, சுற்றி நின்ற பேரப்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மாலை விற்கும் ஒருவர் என்னை வழிமறித்தார்.

"அறுபதாங்கய்யா, எழுபதா? அம்மா எங்க நிக்கிறாங்க? ஜோடி மாலை கட்டித் தர்றேன்."

"வேண்டாம் ஐயா. நான் சும்மா பார்க்க வந்தேன்."

"இங்க சும்மா பாக்க என்னங்கய்யா இருக்கு?" என்றார் அவர். அவர் கேட்டது நியாயமே.

மறுநாள் விடிந்ததும் பூம்புகாருக்கு ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டேன். ஓட்டுநர் நடுவயதினர், பேச்சில் விருப்பமுள்ளவர்.

"எந்த ஊருலேருந்து வர்றீங்க?"

"மைசூர்."

"அடடே! எங்க தண்ணியப் புடிச்சு வச்சிருக்கற ஊரா? ஐயா, ஊருக்குப் போனதும் அந்தக் கொழாயக் கொஞ்சம் தொறந்து விடுங்களேன். ஒங்க பேரச் சொல்லி ஒரு போகம் வெளையட்டும்."

"என் வீட்டுக் குழாயிலேயே இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது, தம்பி."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப ரெண்டு பேரும் ஒரே கேஸுதான்" என்றார். நானும் சிரித்தேன். அவள் மறைந்த பிறகு நான் சிரித்தது அதுவே முதல் முறை என்பது, சிரித்து முடித்த பின்பே எனக்கு உறைத்தது.

சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைத் தாண்டி, ஆறு கடலைச் சேரும் இடத்திற்கு அருகே அவர் வண்டியை நிறுத்தினார். நான் மணலில் நடந்தேன். இடப்புறம் ஒரு நீர்ப்பரப்பு, அசைவின்றி, பாசி படர்ந்து, ஓரத்தில் மாலைகளும் நெகிழிப் பைகளும் ஒதுங்க, தேங்கி நின்றது. வலப்புறம் கடல். இரண்டிற்கும் இடையே ஆளுயரத்தில் ஒரு மணல்மேடு. அதன் மீது ஒருவர் வலையை உலர்த்தியிருந்தார்.

எனக்குப் பின்னால் வந்த ஓட்டுநரிடம், "கலக்கும் இடம் எது?" என்று கேட்டேன்.

"இதாங்கய்யா."

"இங்கே எதுவும் கலக்கவில்லையே."

"இப்ப எங்க கலக்கும்? தையிலயே மேட்டூர மூடிடுவாங்கள்ல. ஆடியில தண்ணி வந்துச்சுன்னா மணல ஒடச்சுகிட்டு உள்ள போகும். இப்ப நீங்க பாக்கறது ஆத்துத் தண்ணியே இல்ல. கடல் பெருக்கெடுக்கறப்ப அந்தத் தண்ணி உள்ள ஏறி நிக்கிறது. வாயில வச்சுப் பாருங்க, கரிக்கும்."

"அப்படியானால், தை மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓடிய நீர்?"

"அது எங்கயாச்சும் மேட்டூருலதான் கெடக்கும். எதுக்குங்கய்யா கேக்கறீங்க?"

நான் சொன்னேன். அவர் தம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "வண்டியில வாயி நீளமாப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை என்றேன். சிறிது நேரம் என்னோடு நின்றுவிட்டு, வண்டியில் இருப்பதாகக் கூறி நகர்ந்தார்.

நான் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு மணல்மேட்டின் மேல் அமர்ந்தேன். மூன்று மாதங்களாக நான் அவளைக் கடலில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். இரவில் உறக்கம் வராதபோது, இந்நேரம் கொள்ளேகாலைக் கடந்திருப்பாள், தன் தகப்பன் வயலோரம் சற்று நின்றிருப்பாள், அருவியில் விழுந்து எழுந்து சிரித்திருப்பாள் என்றெல்லாம் வழிகூட்டிக்கொண்டு வந்தேன். அவளோ பாதி வழியில் ஓர் அணையின் அடியில் நிறுத்தப்பட்டிருக்கிறாள். இங்கும் வாயிலைத் தாண்டி அவள் வரவில்லை.

அவ்வேளையில் ஒரு குடும்பம் வேனிலிருந்து இறங்கி ஆரவாரத்தோடு வந்தது. சேலம் பக்கத்தார் என்று பேச்சிலிருந்து அறிந்தேன். எனக்குச் சற்றுத் தள்ளிக் காலணிகளைக் கழற்றிக் குவித்துவிட்டுக் கடலை நோக்கி ஓடினார்கள். அவர்களுள் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் மட்டும் ஓடவில்லை. சிதறிக் கிடந்தவற்றை இணை இணையாகச் சேர்த்து வைத்துவிட்டு, அவற்றின் அருகே உட்கார முற்பட்டார்.

"அம்மா, வாம்மா!" என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீங்க போயி ஆடுங்க. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

நான் எழுந்து அவரிடம் சென்றேன்.

"அம்மா, நான் இங்கேதான் இருக்கப் போகிறேன். நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் போய்க் கடலைப் பாருங்கள்."

அவர் என்னை ஐயத்தோடு நோக்கினார். "ஒங்களுக்கு எதுக்குங்க செரமம்?"

"சிரமம் இல்லை. நான் ஒருவருக்கு இப்படிச் சொல்லியிருக்கிறேன்."

அவருக்கு அது விளங்கியிராது. ஆயினும் என் முகத்தில் எதையோ கண்டு, தம் காலணியையும் கழற்றி வரிசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணல்மேட்டிலிருந்து கடற்பக்கம் இறங்கினார். முதல் அலை காலைத் தொட்டபோது அவர் இரண்டடி பின்வாங்கியதையும், பிறகு தாமாகவே மூன்றடி முன்சென்றதையும் நான் கண்டேன். அவர் மகள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். நான் புத்தகம் எதையும் விரிக்கவில்லை. அந்தக் காலணிகளிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை, அவர் பக்கம் பார்த்த அச்சிறு நேரம் நீங்கலாக. ஒரு நாய் வந்து பிள்ளையின் செருப்பொன்றை முகர்ந்தது. அதை விரட்டினேன்.

நெடுநேரம் கழித்து அவர்கள் திரும்பினார்கள். அந்த அம்மையாரின் புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. காலணியை மாட்டிக்கொண்டே, "போங்க, நீங்களும் ஒரு தடவ கால நனைச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் ஒங்க செருப்பப் பாத்துக்கறேன்" என்றார்.

"வேண்டாம் அம்மா. நான் ஆடிக்குப் பிறகு நனைத்துக்கொள்கிறேன்."

அவர்கள் வேன் புறப்பட்டது. மணலில் என் ஓர் இணைக் காலணி மட்டும் எஞ்சியது. அதை மாட்டிக்கொண்டு ஆட்டோவிற்கு நடந்தேன். ஓட்டுநர், ஆடியில் தண்ணீர் வந்ததும் தகவல் சொல்வதாகக் கூறி என் எண்ணைக் குறித்துக்கொண்டார். கடலில் இறங்காமலேயே மைசூருக்கு ரயில் ஏறினேன்.

வீடு திரும்பிய மாலையில் மகள் கைப்பேசியில் அழைத்து, என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். கோட்டை, கோயில், தேவாலயம், திருக்கடையூர் என்று வரிசையாகச் சொன்னேன். "பூம்புகாரு?" என்றாள். பார்த்தேன் என்றேன்.

பிறகு விளக்கேற்றி, என் மனைவியின் படத்தின் முன் அமர்ந்தேன். பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்பது அவள் இட்ட கட்டளை. படித்ததைச் சொல்லியிருப்பேனாயின் நான்கு வாக்கியங்களில் ஆற்றைக் கடலில் சேர்த்திருக்க முடியும். ஆயுள் முழுதும் நான் அதைத்தானே செய்துவந்தேன். பார்த்ததோ வேறு. நீ இன்னும் வந்து சேரவில்லை என்பதை எவ்வாறு அவளிடமே சொல்வது? குழாயில் தண்ணீர் வரும் ஓசை கேட்டது. எழுந்து சென்று குடத்தை வைத்துவிட்டு வந்தேன்.

இம்முறை செருப்பை நான் பார்த்துக்கொண்டேன் என்பதை மட்டும் சொன்னேன்.